வருகைப் பதிவேடு இல்லாத கூட்டம்

அந்தப் பையை எடுத்து மடியில் வையும். நான் உட்கார வேண்டும். ராஜபாளையம் வரைக்கும் நின்றுகொண்டு வர எனக்கு முட்டி கிடையாது.

நீரும் ராஜபாளையமா? சரி. இரண்டு மணி நேரம். பயப்படாதேயும், நான் அதிகம் பேசுகிறவனில்லை. முப்பத்திரண்டு வருஷம் பதிவு ஆபீஸில் இருந்தவன். பேசினது நிற்காது, எழுதினதுதான் நிற்கும்.

எதற்குப் போகிறேன் என்று கேட்கிறீர். கேட்கவில்லையா? கேட்டதாக வைத்துக்கொள்ளும். பெண்டாட்டியைக் கூப்பிடப் போகிறேன். பேர் உலகம்மாள். மூன்று மாதமாக மச்சினன் வீட்டில் இருக்கிறாள். வருவாளா மாட்டாளா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும்.

குடிதான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் மண்டபம்.

மச்சினன் மகனுக்குக் கல்யாணம், ராஜபாளையத்தில். ஒரே தெருவில் இரண்டு மண்டபம், சுவரோடு சுவர். இரண்டிலும் ஒரே மாதிரி வாழைமரம். இரண்டிலும் நாதஸ்வரம். காலையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம்தான். முந்தின நாள் வாங்கி வைத்ததில் மிச்சம். உள்ளே போனேன். அட்சதை போட்டேன். பந்தியில் உட்கார்ந்தேன். பாயசம் இரண்டு தரம். மேடையேறி மாப்பிள்ளைக்கு நாலு வார்த்தை புத்தி சொன்னேன், ‘குடிக்காதே, குடும்பம் கெட்டுவிடும்’ என்று. போட்டோவிலும் நின்றேன். எல்லாம் பக்கத்து மண்டபத்தில்.

அங்கே ஒருத்தராவது முகம் சுளித்தார்களா? மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் வீடு என்று நினைத்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு என்று நினைத்தார்கள். தாம்பூலப் பை கொடுத்துக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார்கள். நம்ம மண்டபத்தில் என்னவென்றால், அத்தையும் மாமாவும் ஜோடியாக நின்று மாலை எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். அவள் தனியாக நின்று கொடுத்தாளாம். முந்நூறு பேர் பார்த்தார்களாம்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் என் கையில் பெட்டியைக் கொடுத்தாள். என் பெட்டியை மட்டும்.

“நீங்க போங்க. நான் இங்கனயே இருக்கேன்.”

“சத்தியம் பண்ணட்டுமா?” என்றேன்.

“சூடம் மூணு தடவை அணைச்சாச்சு. கோயில்ல கயிறு ரெண்டு தடவை கட்டியாச்சு. உங்க வாய்ச்சொல் எனக்கு இனி வேண்டாம்.”

கயிறு என்றால் தெரியும் இல்லையா? ஒரு வருஷம் தொடமாட்டேன் என்று சாமி முன்னால் மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. முதல் கயிறு இருபதாம் நாளே அறுந்துவிட்டது. அறுந்தால் கட்டுப்பாடு கிடையாது என்று நான் எடுத்துக்கொண்டேன். எப்படி அறுந்தது என்றா? கத்திரிக்கோலால்.

அப்போது அவள் சொன்னாள்: “தென்காசியில குடியை விட்டவங்க கூடுத கூட்டம் ஒண்ணு இருக்காம். தினமும் நடக்குதாம். தொண்ணூறு நாள் போயிட்டு வாங்க. பொறவு பார்ப்போம்.”

“எங்கே நடக்கிறது?”

“ஒயின் ஷாப்பு எங்க இருக்குன்னு நானா காட்டிக் கொடுத்தேன்? தேடிக்கிடுங்க.”

பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போய்விட்டாள். திரும்பிப் பார்த்தாளா என்று நான் பார்க்கவில்லை. பார்த்தேன். பார்க்கவில்லை அவள்.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்தும். காது அடைக்கிறது.

தேடினேன். எப்படித் தேடுவது? பதிவு ஆபீஸ் ஆவுடையப்பன் என்றால் தென்காசியில் பாதிப் பேருக்குத் தெரியும். வீட்டுப் பத்திரம் எடுத்து வந்து கொடுத்தவன் நான். குடிகாரர் கூட்டம் எங்கே என்று நானே போய்க் கேட்க முடியுமா? நான் குடிகாரனும் இல்லையே. ஆபீஸில் ஒருநாளும் தொட்டதில்லை. பழைய பத்திரக் கட்டுகள் வைக்கிற அறை பின்னால் தனியாக இருந்தது. அது ஆபீஸில் சேராது.

மருந்துக் கடைக்காரரிடம் பொதுவாகக் கேட்டேன். “இங்கே ஏதோ கூட்டம் கூடுகிறதாமே, உடம்பு சரியாக.”

“ஆமா அண்ணாச்சி. காலைல ஆறு மணி, நகராட்சிப் பூங்கா. நல்ல குணம் தெரியுதாம்.”

போனேன். இருபது பேர் வட்டமாக நின்றுகொண்டு கையை மேலே தூக்கி ‘ஹா ஹா ஹா’ என்றார்கள். என்னையும் தூக்கச் சொன்னார்கள்.

“சிரிங்க அண்ணாச்சி.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

சும்மா சிரிக்கிறவனை என் தாத்தா காலத்தில் ஏர்வாடிக்குக் கூட்டிப் போவார்கள். ஆனாலும் சிரித்தேன். குடியை விட இதுதான் வழிமுறை போலும் என்று நினைத்தேன். மூன்று நாள் சிரித்தேன். மூன்றாம் நாள் பக்கத்தில் நின்றவரிடம், “உமக்குக் குடி நின்று எத்தனை நாள்?” என்று கேட்டேன். பேங்க் மேனேஜராம். பச்சைத் தண்ணீரைக்கூட மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் குடிக்கிறவராம். அன்றைக்குத்தான் அந்தக் கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் பெந்தெகோஸ்தே ஜெபத்துக்குப் போய்த் தலையில் கை வைக்கப்பட்டேன். ஓய்வூதியர் சங்கத்துக்குப் போய்ச் செயற்குழுவில் சேர்க்கப்பட்டேன். இன்னும் அதில் இருக்கிறேன். அது வேறு கதை.

ஒரு வாரம் போனது. அலுத்துப்போய்க் கடைக்குப் போனேன். எந்தக் கடை என்று கேட்கிறீரே. பகல் பன்னிரண்டு மணிக்குத் திறக்குமே, அந்தக் கடை. பக்கத்தில் பார். பாரில் வேலாண்டி என்று ஒருத்தன் ஆம்லெட் போடுகிறவன். மிளகு தூக்கலாகப் போடுவான். அவனிடம் வாயை விட்டுவிட்டேன்.

“ஏ வேலாண்டி, குடியை விட்டவனெல்லாம் ஒரு கூட்டம் கூடுதானாமே. கேள்விப்பட்டியா?”

கரண்டியைக் கீழே போட்டான். “நாசமாப் போற கூட்டம் அண்ணாச்சி அது! என்கிட்ட தினமும் ரெண்டு ஆம்லெட் திங்கிற ஆளு, ஒண்ணில்ல, பதினோரு பேரு. கொண்டுட்டே போயிட்டானுவ. மாதா கோயில் பின்னாடி, பள்ளிக்கூடம், ரெண்டாம் வகுப்பு பி. சாயங்காலம் ஏழு மணி. ஞாயித்துக்கிழமைகூட லீவு விடமாட்டானுவ.” அப்புறம் என்னை உற்றுப் பார்த்தான். “நீங்க எதுக்குக் கேக்கிய? போயிராதிய அண்ணாச்சி. உங்களை நம்பித்தான் முட்டை வாங்குதேன்.”

ஊரெல்லாம் தேடினேன். வருகிறவனை எண்ணுகிறவனுக்குத் தெரியவில்லை. வராமல் போனவனை எண்ணுகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. வழி சொன்ன மரியாதைக்கு அன்றைக்கு ஒரு குவார்ட்டர் அங்கேயே முடித்தேன். அப்புறம் கூட்டத்துக்குப் போனேன். முதல் நாள்.

இரண்டாம் வகுப்பு பி என்றால் இரண்டாம் வகுப்புப் பெஞ்சுதான். பதினைந்து ஆம்பளைகள், முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் அணில், ஆடு, இலை. கரும்பலகையில் அழிக்காத கூட்டல் கணக்கு. ஒருத்தர் எழுந்து, “என் பேரு அகஸ்டின். நான் ஒரு குடிநோயாளி” என்றார். எல்லாரும், “வணக்கம் அகஸ்டின்” என்றார்கள். மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவர். கம்பத்தில் குடித்துவிட்டு ஏறினாராம். இறங்கின விதத்தைச் சொன்னார். ஏணி வழியாக இல்லை.

என் முறை வந்தது. எழுந்தேன். “தி. ஆவுடையப்பன், தகப்பனார் பெயர் திருமலையப்பன், ஓய்வுபெற்ற உதவியாளர்” என்றேன்.

“பேரு மட்டும் போதும் அண்ணாச்சி” என்றார் அகஸ்டின்.

“இனிஷியல் இல்லாமல் என்ன பேர்? இந்த ஊரில் ஆவுடையப்பன் நாற்பது பேர் இருக்கிறான். எவன் என்று எப்படித் தெரியும்?”

“தெரிய வேண்டாம்னுதான்.”

இப்படி ஒரு சங்கத்தை நான் பார்த்ததில்லை. தலைவர் கிடையாது. சந்தா கிடையாது. இனிஷியல் கிடையாது. சரி, என் காரியம் எனக்கு. “வருகைப் பதிவேடு எங்கே, கையெழுத்துப் போட வேண்டும்” என்றேன். பதிவேடே கிடையாதாம்!

“அப்படியானால் நான் வந்தேன் என்பதற்கு என்ன ஆதாரம்? தொண்ணூறாம் நாள் எனக்கு ஒரு வருகைச் சான்று வேண்டும். ரப்பர் ஸ்டாம்போடு.”

பெஞ்சு பெஞ்சாகச் சிரித்தார்கள். பூங்காவில் சிரித்த சிரிப்பு இல்லை அது. நிஜச் சிரிப்பு. அகஸ்டின் மட்டும் சிரிக்காமல் சொன்னார்: “இங்க யாரு வந்தாங்க போனாங்கன்னு எழுதி வைக்கமாட்டோம் அண்ணாச்சி. எழுதி வச்சா ஒருத்தனும் வரமாட்டான். வீட்டுல நம்பணும்னா அதுக்கு ஸ்டாம்பு நீங்கதான்.”

பேச்சு நன்றாக இருக்கிறது. சொல்லும், உலகம்மாள் நம்புவாளா? மூன்று சூடம், இரண்டு கயிறு ஆன பிறகு?

அதனால் நானே ஒரு பதிவேடு போட்டேன். நாற்பது பக்க நோட்டு. வரிசை எண், தேதி, கையொப்பம், குறிப்பு. நாலு கட்டம். தினமும் கூட்டம் முடிந்ததும் அணிலுக்குக் கீழே நின்று கையெழுத்துப் போட்டேன். நான் ஒருத்தன்தான் போட்டேன். மற்றவர்கள் மாட்டேன் என்றார்கள். இதோ பாரும். தொண்ணூறு கையெழுத்து. நேற்று தொண்ணூறு.

குடித்தேனா என்றா? எங்கே குடிக்க? ஏழு மணிக்குக் கூட்டம். எட்டேகாலுக்கு முடியும். அப்புறம் டீ, பிஸ்கட், அகஸ்டின் பேச்சு. ஒன்பதரை ஆகிவிடும். கடைக்கு ஓட வேண்டும் என்றால் எனக்கு முட்டி இல்லை. பகலிலோ, சாயங்காலம் நாற்றத்தோடு போக ஒரு மாதிரி இருந்தது. அவ்வளவுதான். நான் குடியை விடவில்லை. நேரம் கிடைக்கவில்லை. தினமும் என் முறை வரும்போது, “ஆவுடையப்பன், பார்வையாளர்” என்று சொல்லிவிட்டு உட்காருவேன். “வணக்கம் ஆவுடையப்பன்” என்பார்கள். போகட்டும்.

என்ன பார்க்கிறீர்? ஐம்பத்துமூன்றா? கையெழுத்து ஏன் சரிந்து அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறது என்றா? நீர் கேட்கவில்லை. சரி. பார்த்தீர்.

புளியங்குடி வந்துவிட்டது. எலுமிச்சை மூட்டை ஏற்றுவான். பத்து நிமிஷம் ஆகும்.

அன்றைக்குச் சாரல். குற்றாலத்தில் சீசன் தொடங்கின நேரம். சாரல் விழுந்தால் எங்கள் ஊர் எப்படி இருக்கும் தெரியுமா? வெயில் இருக்கும், மழையும் இருக்கும், காற்று கழுத்தில் கை போடும். காரணம் அதுதான். இல்லை. காரணம் ஒன்றும் கிடையாது. வீட்டில் இரண்டு தம்ளர் கழுவிக் கவிழ்த்தேன். ஒன்று யாருக்கு என்று பார்த்தேன். எழுந்து போனேன். வேலாண்டி மிளகு போட்டுக் கொடுத்தான். அவன்கூட அன்றைக்குச் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. “என்ன அண்ணாச்சி, வந்துட்டிய” என்று மட்டும் சொன்னான்.

ஏழு மணிக்குக் கூட்டத்துக்குப் போனேன். போகாவிட்டால் ஒரு வருகை விடுபட்டுப் போகுமே. வாசலில் செருப்பைக் கழற்றத் தெரியவில்லை, செருப்போடு உள்ளே போனேன். திட்டுவான்கள், நானும் நாலு கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். ஒருத்தனும் திட்டவில்லை. கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். டீ கொடுத்தார்கள். அகஸ்டின் ஒரு கையில் சைக்கிளும் மறு கையில் நானுமாக வீடு வரைக்கும் வந்தார். வழியில் என்ன பேசினேன், வீட்டில் என்ன செய்தேன், ஒன்றும் ஞாபகம் இல்லை. காலையில் பார்த்தால் செருப்பு தலைமாட்டில் ஜோடியாக இருந்தது.

மறுநாள் போனதும் சொன்னார், “இன்னைக்கு ஒண்ணாம் நாள் அண்ணாச்சி.”

“ஐம்பத்திரண்டு நாள் எங்கே போச்சு?”

“எங்கயும் போகல. உங்களுக்குள்ளதான் இருக்கு. எண்ணிக்கை மட்டும் ஒண்ணு.”

சண்டை போட்டேன். விதி என்ன என்று கேட்டேன். இடையில் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் முப்பது வருஷ சர்வீஸை ரத்து செய்வார்களா என்று கேட்டேன். மனுஷன் பிஸ்கட் டப்பாவை நீட்டினார். என் முறை வந்தது. எழுந்து என் பேரைச் சொன்னேன். அதற்கு அப்புறம் என்ன சொன்னேன் என்பது உமக்குத் தேவையில்லை. பார்வையாளர் என்று சொல்லவில்லை. அது போதும்.

ஆக, நிலைமை இதுதான். கூட்டம் தொண்ணூறு. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அவள் போட்ட நிபந்தனை என்ன? ‘தொண்ணூறு நாள் போயிட்டு வாங்க.’ போய்விட்டு வந்துவிட்டேன். ஐம்பத்துமூன்றாம் நாளும் போனேன். நிபந்தனையில் குடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் என் பக்கம்தான் தீர்ப்பு.

ஆனால் குடிக்காமல் இருந்தது எத்தனை நாள் என்று கேட்டால்? அவள் கேட்கமாட்டாள். கேட்காமல் முகத்தைப் பார்ப்பாள். அது இன்னும் மோசம்.

இதைப் பிடியும். கசக்காதேயும், முத்திரைத்தாள். நானே எழுதினேன். ஊருக்கெல்லாம் எழுதின பத்திரத்தைப் பார்த்துப் பார்த்தே வயசு போய்விட்டது. எனக்கென்று எழுதியது இது ஒன்றுதான். படிக்கிறேன், கேளும்.

‘தென்காசி நகரில் வசிக்கும் திருமலையப்பன் குமாரர் ஆவுடையப்பன் ஆகிய நான், என் மனைவி உலகம்மாள் அவர்களுக்கு, நல்ல நினைவோடும், தெளிந்த புத்தியோடும், எவருடைய தூண்டுதலும் இன்றி எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம். நான் கடந்த’ — இங்கே ஒரு இடம் விட்டிருக்கிறேன் பாரும் — ‘நாட்களாக மதுவைத் தொடவில்லை என்பதை இதன்மூலம்…’

இடம் விடக்கூடாது. பத்திரத்தில் காலி இடம் விட்டால் பதிவாளர் தூக்கி எறிவார். நாளைக்கு எவனாவது எதையாவது எழுதிக்கொள்வான். எனக்குத் தெரியும். ஆனால் நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதும்போது அந்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. தொண்ணூறு என்று எழுத ஒரு நிமிஷம் ஆகாது. எழுதினால் இன்றைக்கே பெட்டியைக் கட்டுவாள். இன்றைக்குச் சாயங்காலம் இரண்டாவது தம்ளருக்கு ஆள் வந்துவிடும். முப்பத்தெட்டு என்று எழுதினால்? ‘இன்னும் ஐம்பத்திரண்டு பாக்கி, போயிட்டு வாங்க’ என்பாள். இல்லை, அதைக்கூடச் சொல்லமாட்டாள். உள்ளே போய்விடுவாள்.

நீர் என்ன சொல்கிறீர்? ஒன்றும் சொல்லமாட்டீர். அகஸ்டினும் இப்படித்தான். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து உட்கார்ந்தே ஒருத்தனைப் பேச வைத்துவிடுவார்.

உம் பேனாவைக் கொடும்.

முப்பத்தெட்டு. போட்டுவிட்டேன். எண்ணாலும் எழுத்தாலும். இப்போது சாட்சி. ஆமாம், சாட்சி! எதற்கு உம்மிடம் இவ்வளவு நேரம் பேசினேன் என்று நினைத்தீர்? கூட்டத்தில் இருக்கிறவன் எவனும் பேர் போடமாட்டான். நீர் மூன்றாம் மனுஷர், எனக்கும் அவளுக்கும் உறவில்லாதவர். பிரமாதமான சாட்சி. இங்கே போடும். இனிஷியலோடு. நல்லது.

என்ன, பஸ்ஸை நிறுத்திவிட்டான்? ரயில் கேட்டா? சேத்தூர் தாண்டிவிட்டோமா. அப்படியானால் பத்து நிமிஷத்தில் ஊர்.

ஒன்று செய்கிறேன். போனிலேயே சொல்லிவிடுகிறேன். பயமெல்லாம் இல்லை. இங்கே சிக்னல் நன்றாக இருக்கிறது, அதற்காக. வேண்டாம் என்றால் எதிர்ப் பஸ்ஸில் ஏறிவிடலாம், மச்சினன் முகத்தில் முழிக்க வேண்டாம். சும்மா இரும்.

“ஹலோ… நான்தான். சேத்தூர் தாண்டியாச்சு… சாப்பிட்டேன்… அது கிடக்கட்டும், ஒரு விஷயம். கூட்டம் தொண்ணூறும் முடிஞ்சுது. கையெழுத்து இருக்கு. ஆனா… நாள் முப்பத்தெட்டுதான். நடுவுல ஒரு நாள்… ஆமா… சாரல்… என்னது? … நானா? … எப்ப? … எவ்வளவு நேரம்? … அப்படியா சொன்னேன்? … ம் … ம் … எத்தனை? … சரி. … சரின்னுதான சொல்லுதேன். வைக்கட்டா.”

…

அவளுக்குத் தெரியுமாம்.

யார் சொன்னது என்றா? நான்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைத் தலைமாட்டில் ஜோடியாக வைத்துவிட்டு, அவளுக்கு நானே போன் போட்டிருக்கிறேன். முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். “சாரல் விழுந்துது, ஒரு குவார்ட்டர் ஆயிப்போச்சு, நீ மட்டும் உலகம்மாகிட்ட சொல்லிராதே, அவ தாங்கமாட்டா” என்று உலகம்மாளிடமே சொல்லி அழுதிருக்கிறேன். “சரி, சொல்லமாட்டேன்” என்று அவளும் சத்தியம் பண்ணிக் கொடுத்தாளாம். முப்பத்தெட்டு நாளாக அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறாள், பாவி! “தொண்ணூறுன்னு சொல்லுவியளா, உள்ளதைச் சொல்லுவியளான்னு பார்க்கத்தான் இருந்தேன்” என்கிறாள்.

அதோடு விட்டாளா? என் எண்ணிக்கையும் தப்பாம். “முப்பத்தெட்டு இல்ல, முப்பத்தேழு. இன்னைக்குப் பொழுது இன்னும் கிடக்கே. நாளைக்குக் காலைல முப்பத்தெட்டு ஆகும். ஆனா கிளம்புவோம். துணியெல்லாம் மடிச்சு வச்சிருக்கேன்” என்கிறாள்.

முப்பத்திரண்டு வருஷத்தில் நான் சரிபார்த்த பத்திரத்தில் ஒருத்தன் தப்புக் கண்டுபிடித்ததில்லை. இவள் பார்க்காமலே கண்டுபிடிக்கிறாள்.

சரி, இதை வாங்கும். முப்பத்தெட்டை அடித்துவிட்டு முப்பத்தேழு என்று நீரே எழுதும். அழகாக எழுதும், அவள் படிப்பாள். நான் எழுதினால் கோணும். பஸ் ஒரேயடியாகக் குலுக்குகிறது, கையில் பேனா நிற்கவில்லை.

என்னது? கேட் இன்னும் திறக்கவில்லையா? பஸ் நின்றுகொண்டா இருக்கிறது?

நின்றால் நிற்கட்டும். நீர் எழுதும்.